'அண்மையில் என்ன செய்தீர்கள்?': சுவீடிஷில் கேட்கும் முறை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சுவீடனுக்குப் படிக்கவும் வேலை பார்க்கவும் செல்வோருக்காகத் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவரும் சுவீடிஷ் உரையாடல் பகுதியைத் தொடர்ந்து படித்து வருகிறேன். நெடுநாள் கழித்துச் சந்திக்கும் நண்பரிடம் "அண்மையில் என்ன செய்தீர்கள்?" என்று கேட்பதற்கு, சென்ற வாரம் "வா யூடே டு நீலிகென்?" என்ற வாக்கியம் தரப்பட்டிருந்தது. அதிலுள்ள ஒவ்வொரு சொல்லும் அகராதியில் இருப்பதுதான். ஆனால் அவற்றை இப்படிக் கோத்துக் கேட்பது சுவீடிஷ் வழக்கம் அன்று. ஸ்டாக்ஹோமில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக வசிப்பவன், தொடக்கத்தில் இதே தவறைப் பலமுறை செய்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

முதல் பிழை வினைச்சொல்லில் உள்ளது. தமிழில் 'செய்தீர்கள்' என்ற ஒரே வடிவம் நேற்று நடந்ததற்கும் கடந்த ஒரு மாதமாக நடந்துவருவதற்கும் போதும், சுவீடிஷில் போதாது. நேற்று, போன சனிக்கிழமை என்று முடிந்துபோன ஒரு பொழுதைச் சுட்டினால் 'யூடே' என்பது சரி, "வா யூடே டு இ கோர்?" என்றால் 'நேற்று என்ன செய்தாய்?' என்று பொருள். இன்றுவரை நீண்டுவரும் காலத்தை மனத்தில் வைத்துக் கேட்கும்போது 'ஹார்' என்ற துணைவினையும் 'யூட்' என்ற வடிவமும் சேர்ந்து வரவேண்டும். இரண்டாவது பிழை 'நீலிகென்'. அது 'அண்மையில் வீடு மாறினேன்' என்பதுபோல் ஒருமுறை நடந்து முடிந்த செயலுக்கு ஏற்ற சொல். 'இந்தக் கொஞ்ச நாளாக' என்ற பொருளுக்கு 'போ சிஸ்தொனெ' என்ற தொடர் இருக்கிறது. ஆகவே "வா ஹார் டு யூட் போ சிஸ்தொனெ?" என்பதே தாங்கள் அச்சிட்டிருக்க வேண்டிய வாக்கியம்.

இங்கே இன்னொரு எச்சரிக்கையும் தேவை. காலத்தைக் குறிக்கும் அந்த வால் பகுதியை விட்டுவிட்டு "வா ஹார் டு யூட்?" என்று மட்டும் கேட்டால், சொல்லும் தொனியைப் பொறுத்து 'என்ன காரியம் செய்துவிட்டாய்!' என்ற கண்டிப்பாகிவிடும். வந்த புதிதில், நான் குடியிருந்த வீட்டின் உரிமையாளரான மூதாட்டியிடம் நலம் விசாரிக்கும் நினைப்பில் அப்படிக் கேட்டேன். அவர் பதறிப்போய் அடுப்பைத் திரும்பிப் பார்த்தார். "வா ஹொலெர் டு போ மே?" என்பதும் இதே வகைதான், நட்பாகவும் கேட்கலாம், குரல் சற்று உயர்ந்தால் 'என்னதான் செய்துகொண்டிருக்கிறாய்?' என்ற அதட்டலாகவும் ஒலிக்கும்.

நண்பர்களுக்குள் மிக இயல்பாகப் புழங்குவது வேறொரு கேள்வி: "வா ஹார் டு ஹாஃப்ட் ஃபொர் டெய்?" சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'உனக்காக என்ன வைத்திருந்தாய்?' என்று பொருளற்றுப் போகும். உண்மையில் 'இவ்வளவு நாளாக என்ன பண்ணிக்கொண்டிருந்தாய்?' என்பதே அதன் பொருள். இறுதிச் சொல் நம் 'டேய்' போலக் காதில் விழுந்தாலும் அதற்கும் இதற்கும் தொடர்பில்லை.

தங்கள் பகுதியில் 'டு' என்பதற்கு நேராக 'நீங்கள்' என்று அச்சிடப்பட்டிருப்பதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதன் பின்னணியை வாசகர் அறிவது நல்லது. 'டு' என்றால் 'நீ'. மேலதிகாரி, பேராசிரியர், மருத்துவர் எல்லாருக்கும் அதுவே பொருந்தும். முன்பு அப்படி இல்லை. 'நீங்கள்' என்பதற்கு இணையான 'நீ' என்ற சுவீடிஷ் சொல் (நம் காதுக்கு வேடிக்கைதான்) கீழ்நிலையில் உள்ளவரை நோக்கிப் பேசுவதுபோல் பலருக்குப் பட்டதால், பட்டத்தையோ பதவியையோ சொல்லிப் படர்க்கையில் கேட்பதே மரியாதையாக இருந்தது. மருத்துவரிடம் நேருக்கு நேர் நின்றுகொண்டு 'டாக்டர் இத்தனை நாளாக என்ன செய்துகொண்டிருந்தார்?' என்று கேட்பார்கள். எதைச் சொல்லி அழைப்பது என்று தெரியாத இடத்தில், 'சாப்பாடு ஆயிற்றா?' என்று நாம் நழுவுவதுபோல எழுவாயே இல்லாமல் கேட்டுத் தப்பிப்பதும் உண்டு. 1967இல் அரசின் மருத்துவ வாரியத் தலைவராகப் பொறுப்பேற்ற ப்ரூர் ரெக்ஸெட், பணியாளர் அனைவரையும் 'டு' என்றே அழைக்கப்போவதாக அறிவித்தது இந்த மாற்றத்தின் அடையாளமாகச் சொல்லப்படுகிறது. மாற்றம் அதற்கு முன்பே தொடங்கிவிட்டது என்றாலும், அவர் பெயரே அதனுடன் ஒட்டிக்கொண்டது. அரசரை மட்டும் இன்றும் படர்க்கையில் 'அரசர்' என்றே விளித்துப் பேசுவது மரபு. எனவே தமிழில் 'நீங்கள்' என்று பெயர்ப்பது நம் பண்பு. ஆனால் அலுவலகத்தில் 'டு' சொல்லத் தயங்கும் நம் பிள்ளைகளுக்கு, அது அவமரியாதை அன்று என்று ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும்.

பதிலையும் கற்பிக்க வேண்டும். "டெ ருலார் போ" என்பது 'உருண்டுகொண்டிருக்கிறது'. நம் 'ஏதோ வண்டி ஓடுகிறது' என்பதேதான். கேட்டவர் அதோடு விட்டுவிடுவதும் உண்டு. அதை அலட்சியம் என்று கருதத் தேவையில்லை. ஒருவர் வீட்டு விருந்துக்குப் போய்வந்து மறுபடி அவரைச் சந்திக்கும்போது மட்டும், எந்த விசாரிப்புக்கும் முன்னால் "தக் ஃபொர் சேனஸ்ட்", அதாவது 'போன முறைக்கு நன்றி' என்று சொல்லிவிட வேண்டும். இதை மறந்தால், முகத்துக்கு நேரே சொல்லாவிட்டாலும் மனத்தில் குறித்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள்.

உச்சரிப்பில் தமிழருக்கு ஓர் அனுகூலம் உண்டு. ஸ்டாக்ஹோம் பேச்சில் ரகரமும் தகரமும் அடுத்தடுத்து வந்தால் இரண்டும் கலந்து நம் 'ட்' ஒலியாகும். 'யூட்' என்று மேலே எழுதியது அதனால்தான். குழந்தைகளைக் குறிக்கும் சொல்லில் ரகரமும் னகரமும் அதே விதிப்படி கலப்பதால், அது நம் டண்ணகரத்தோடு 'பாண்' என்று ஒலிக்கும். நாட்டின் தெற்கே ஸ்கோனே பகுதியில் இது பொருந்தாது.

அடுத்த ஞாயிறு இணைப்பில் அந்த ஒரு வாக்கியத்தையாவது திருத்தி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். இடமிருந்தால், சுவீடனில் முறையாகக் குடியிருப்புப் பதிவு செய்தவர்களுக்கு நகராட்சிகள் இலவசமாக நடத்தும் 'எஸ்.எஃப்.ஐ.' மொழி வகுப்புகளைப் பற்றியும் ஒரு குறிப்புச் சேர்க்கலாம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
ஸ்டாக்ஹோம்.