நச்சு வரம்புகளை நிர்ணயிக்கும் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய குழுவினருக்கு,

வணக்கம். தீவனத்தில் எவ்வளவு காட்மியம், தண்ணீரில் எவ்வளவு ஈயம் இருக்கலாம் என்று வரம்பு போடுகிறவர்கள் நீங்கள். ஆய்வகத்தில் எலிகளின் கல்லீரலோடு மல்லுக்கட்டுகிறவன் நான். உலோகத்தைத் தனியாக, மருந்தைத் தனியாக, பூச்சிக்கொல்லியைத் தனியாகச் சோதித்து வரம்பு போடுகிறீர்களே, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். அத்தனையும் போய்ச் சேர்வது ஒரே கல்லீரலுக்கு.

1970களில் செய்த ஒரு சோதனை உங்களுக்கும் தெரிந்திருக்கும். ஆண் எலிக்குக் காட்மியம் கொடுத்து, சில நாள் கழித்து ஹெக்ஸோபார்பிட்டால் என்ற தூக்க மருந்தைக் கொடுப்பார்கள். மயங்கிய எலியை மல்லாக்கப் படுக்கவைத்துவிட்டு, அது தானாகப் புரண்டு எழும்வரை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். காட்மியம் வாங்கிய எலி லேசில் எழாது. மருந்தின் அளவு மாறவில்லை. அதைச் சிதைக்கும் நொதிதான் குறைந்துபோயிருக்கிறது. பெண் எலியிடம் இந்த விளைவு தென்படவில்லை என்பது இன்னும் வேடிக்கை.

அந்த நொதிக் குடும்பத்தின் பெயர் சைட்டோக்ரோம் பி-450. கல்லீரலை அரைத்து, மையவிலக்கில் சுழற்றி, அடியில் தங்கும் மைக்ரோசோம்களோடு (நொதி ஒட்டியிருக்கும் நுண்ணிய சவ்வுத் துண்டுகள்) டைதயோனைட் என்ற வேதிப்பொருளைக் கலந்து, கார்பன் மோனாக்சைடைக் குமிழவிட்டால் ஒளி உறிஞ்சுதலின் வரைபடத்தில் 450 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒரு முகடு எழும். பெயரில் உள்ள எண் அதுதான். காட்மியம் பட்ட கல்லீரலில் அந்த முகடு குட்டையாகிவிடும். நொதியின் நடுவில் இரும்பைத் தாங்கி நிற்கும் ஹீமை உடைக்கிற ஹீம் ஆக்சிஜனேஸ் என்ற இன்னொரு நொதியைக் காட்மியம் தூண்டிவிடுவது இதற்கு ஒரு முக்கியக் காரணம். ஈயம் ஹீம் உருவாகும் வழியிலேயே கைவைக்கிறது. பாதரசமோ, நச்சைப் பிடித்து வெளியேற்ற உதவும் குளூட்டாதயோனின் கந்தகத்தில் ஒட்டிக்கொள்கிறது.

சரி, விளைவு எப்போதும் ஒரே பக்கம் போகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பாரத்தியான் போன்ற பூச்சிக்கொல்லியை வீரியமுள்ள நஞ்சாக மாற்றுவதே பி-450தான். அங்கே நொதி குறைந்தால் ஆபத்தும் குறையலாம். முன்கூட்டியே சிறிதளவு காட்மியம் கொடுத்தால் கல்லீரல் உலோகத்தைப் பிடித்துவைக்கும் மெட்டலோதையோனீன் புரதத்தை உருவாக்கி அடுத்த பெரிய அளவைத் தாங்கிக்கொள்ளும். அதனால்தான் ஊகித்து வரம்பு போட முடியாது, சோதித்துத்தான் ஆக வேண்டும் என்கிறேன்.

அப்புறம் மீன்கள். எண்ணெய் மாசைக் கண்டுபிடிக்க மீன் கல்லீரலில் இ.ஆர்.ஓ.டி. (EROD) என்ற பி-450 நொதிச் செயல்பாட்டை அளக்கிறோம். அது ஏறினால் மாசு இருக்கிறது என்று பொருள். அதே நீரில் காட்மியமும் கலந்திருந்தால் அந்த ஏற்றம் அமுங்கிவிடலாம். அழுக்கான நீருக்குச் சுத்தம் என்று சான்றிதழ் கிடைத்துவிடும்!

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. உங்கள் சோதனை விதிகளில் ஒரு குழு விலங்குகளைக் கூடுதலாகச் சேருங்கள்: முதலில் சில வாரம் வரம்புக்கு உட்பட்ட அளவில் உலோகம், பிறகு மருந்து. ஆணும் பெண்ணும் சம எண்ணிக்கையில் இருக்கட்டும். திசுவில் எத்தனை மில்லிகிராம் உலோகம் என்று எழுதும் அட்டவணையில், பக்கத்திலேயே நொதியின் செயல்பாட்டுக்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
ஒரு கல்லீரல் ஆய்வாளன்