உடம்புக்கு ‘ஸ்கினி’ வேண்டாம்

ஆசிரியருக்கு,

கடந்த ஞாயிறு உங்கள் பெண்கள் பக்கத்தில் மெலிந்து ‘ஸ்கினி’ ஆவதற்கு யோசனைகள் வந்திருந்தன. வெள்ளவத்தையில் சாறி பிளவுஸ் தைத்துப் பிழைக்கிறவள் நான். நாள் முழுக்க உடம்புகளை அளப்பதால் இதுபற்றி ஒரு வார்த்தை சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

மெலிந்த உடம்பை ஆங்கிலத்தில் ‘ஸ்லிம்’ என்றால் பாராட்டு. ‘தின்’ என்றால் உள்ளதைச் சொல்வது. ‘ஸ்கினி’ தோலைக் குறிக்கும் ‘ஸ்கின்’னிலிருந்து வந்தது. ‘எலும்பும் தோலுமாய்ப் போயிட்டாள்’ என்பார்களே, கிட்டத்தட்ட அதே ஏச்சு. இப்போது சிலர் பெருமையாகவும் சொல்லிக்கொள்கிறார்கள், குழப்பம் அங்கேதான். ஜீன்ஸுக்குச் சொன்னால் காலோடு ஒட்டின வெட்டு. ‘ஸ்கினி லாட்டே’ என்றால் கொழுப்பு எடுத்த பாலில் போட்ட கோப்பி. காற்சட்டைக்கும் கோப்பிக்கும் மனம் நோகாது. (நல்ல பெயரெடுத்த ‘ஸ்லிம்’ டச்சுக்காரரிடமிருந்து வந்த சொல். அவர்களுடைய மொழியில் அதற்குக் கெட்டிக்காரத்தனம் என்று பொருள். கொழும்பை 1656 முதல் 1796 வரை ஆண்டவர்கள் அல்லவா, பொருத்தம்தான்!)

அண்மையில் உயர்தரம் படிக்கும் பிள்ளை ஒருத்தி தமக்கையின் கல்யாணத்துக்குப் பிளவுஸ் தைக்கத் தாயோடு வந்தாள். கையைச் சுற்றி டேப்பை வைத்தபோது, “அன்ரி, உள்ளுக்குத் துணி வச்சுக் கையைக் கொஞ்சம் மொத்தமாக் காட்டேலுமா?” என்று காதோடு கேட்டாள். வகுப்பில் அவளுக்கு ‘ஸ்கினி’ என்றே பெயராம். தாய்க்குக் கேட்டுவிட்டது. “அது நல்ல சொல்தானே, பேப்பரிலயும் போட்டிருக்கு” என்றார். பிள்ளை ஒன்றும் பேசவில்லை. லைனிங் வைத்து, கையை முழங்கை வரை இறக்கித் தைத்துக் கொடுத்தேன்.

பரம்பரை வாகால் மெலிந்தவர்களும் உண்டு, சாப்பாடு போதாமல் மெலிந்தவர்களும் உண்டு. பெரியவர்களுக்கு உடல் திணிவுச் சுட்டி (உயரத்துக்கு ஏற்ற நிறையா என்று காட்டும் எண்) 18.5க்குக் கீழே போனால் நிறை குறைவு என்கிறது உலக சுகாதார நிறுவனம். உங்கள் பக்கமோ யாரென்று பாராமல் எல்லாரையும் இரவுச் சாப்பாட்டை விடச் சொல்கிறது.

‘மெல்லிய உடல்வாகு’ என்று எழுதுங்கள், ‘ஒல்லி’ என்றாலும் சரி. ‘ஸ்கினி’ ஜீன்ஸ் விளம்பரத்தோடு நிற்கட்டும். அப்புறம், அந்த இரவுச் சாப்பாட்டு யோசனையை ஒரு வைத்தியரிடம் கேட்டு, வருகிற ஞாயிறே திருத்திப் போட்டால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு தையற்காரி,
வெள்ளவத்தை, கொழும்பு 6