சிவப்புத் தலைத்துணிப் பெண் சொல்வது வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் மே தினச் சிறப்பிதழின் ஏழாம் பக்கத்தில், சம்பளப் பேச்சுவார்த்தைகளில் பெண் தொழிலாளர்கள் வாய் திறந்து பேச வேண்டும் என்று ஒரு நல்ல கட்டுரை வந்திருந்தது. பக்கத்தில் போட்டிருந்த படத்தில் சிவப்புத் துணியால் தலையை இறுகக் கட்டிய ரஷ்யப் பெண் ஒருத்தி உதட்டில் விரலை வைத்தபடி நம்மை முறைக்கிறாள். படத்தின் கீழே "உழைக்கும் பெண்ணின் உறுதி" என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் படத்துக்குள் ரஷ்ய எழுத்தில் இருப்பது "வாயளக்காதே" என்ற கட்டளை. நீனா வத்தோலினாவும் நிக்கொலாய் தெனிசொவும் சேர்ந்து, ஜேர்மனி படையெடுத்த 1941-ல் வரைந்த சுவரொட்டி அது. அதில் உள்ள சாமுவீல் மார்ஷாக்கின் வரிகள், இந்த நாட்களில் சுவருக்கும் காது உண்டு, வம்பளப்புக்கும் காட்டிக்கொடுப்புக்கும் தூரம் அதிகமில்லை என்று எச்சரிக்கின்றன. பேசு என்கிற கட்டுரைக்குப் பேசாதே என்கிற படம்.

தங்களை மட்டும் குறை சொல்வதற்கில்லை. நம் மலையகத் தேயிலை ஊர்களான ஹட்டனிலும் தலவாக்கலையிலும் மே மாதம் தொங்கும் பதாகைகளைப் பார்த்தால், கைத்தொலைபேசியில் கிடைத்த ஏதாவதொரு சோவியத் படத்தை இறக்கி, மேலே தொழிற்சங்கத்தின் பெயரை ஒட்டிவிடுவதே வழக்கமாகிவிட்டது. அந்தப் படங்கள் அலங்காரத்துக்காக வரையப்பட்டவை அல்ல. ஒவ்வொரு முடிச்சுக்கும் ஒரு பொருள் உண்டு.

முடிச்சு என்றது பேச்சுக்கல்ல. தலைத்துணியின் முடிச்சு பிடரியில் இருந்தால் அவள் ஆலைத் தொழிலாளி, அல்லது இளைஞர் அமைப்பைச் சேர்ந்தவள். தாடைக்குக் கீழே இருந்தால் நாட்டுப்புறத்து விவசாயப் பெண். ஆரம்ப காலச் சுவரொட்டிகளில் இரண்டாமவள் பெரும்பாலும் விபரம் அறியாதவளாக, திருத்தப்பட வேண்டியவளாகவே வருவாள். கூட்டுப்பண்ணைகள் வந்த பிறகுதான் அவளுக்கும் டிராக்டர் ஓட்டும் மிடுக்கு கிடைத்தது. ஆணில் தோல் முன்றானை கட்டிய கொல்லன்தான் தொழிலாளி வர்க்கத்தின் அடையாளம். மரப்பட்டைச் செருப்பும் தாடியும் விவசாயி. உயர்ந்த தொப்பியும் தொப்பையும் முதலாளி.

அரிவாளும் சுத்தியலும் 1918-ல் யெவ்கேனி கம்ஸோல்கின் வரைந்த வடிவத்திலிருந்து வந்தவை. சுத்தியலின் தலை மேல் இடப்பக்கம், அதன் பிடி கீழ் வலப்பக்கம். அரிவாளின் பிடி கீழ் இடப்பக்கம், அலகு வலப்பக்கமாக வளைந்து மேலே போகும். நம் பதாகைகளில் பாதி இடவலம் மாறித்தான் தொங்குகின்றன. மெல்லிய துணியில் ஒரு பக்கம் அச்சடித்து இரண்டு பக்கமும் தெரியும்படி பிடித்தால் பின்னால் வருபவருக்கு அப்படித்தான் தெரியும். இரண்டு துணிகளைத் தனித்தனியே அச்சடித்து முதுகோடு முதுகாகத் தைப்பதைத் தவிர இதற்கு வேறு வழியில்லை.

சிவப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். ரஷ்ய மொழியில் சிவப்பு என்ற சொல்லுக்குப் பழைய பொருள் அழகானது என்பது. வீட்டில் சாமிப்படம் வைக்கும் மூலைக்கும் அதே அடைமொழிதான். மொஸ்கோவின் செஞ்சதுக்கத்துக்கு அந்தப் பெயர் புரட்சிக்கு வெகுகாலத்துக்கு முன்பே உண்டு. செங்கோல், செம்மை என்று பேசும் நமக்கு இது புதிதல்ல. ஓவியர்கள் இந்தக் கோயில் நினைவைத் தெரிந்தே பயன்படுத்தினார்கள். விக்தர் தேனி, பறவைநாகத்தை ஈட்டியால் குத்தும் புனித ஜோர்ஜின் இடத்தில் செம்படைத் தலைவர் த்ரொட்ஸ்கியை உட்கார்த்தி வரைந்தார். மகிஷனை மிதிக்கும் அம்மனைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அதன் பலம் விளங்கும். சாமியை மறுத்தவர்கள் சாமிப்படத்தின் முறையை மட்டும் விடவில்லை.

அந்த நாட்களில் ரஷ்யக் கிராமங்களில் எழுத்து தெரியாதவர்களே அதிகம். ஆகவே படமே பேச வேண்டியிருந்தது. அலெக்சேய் ரதாகொவ் 1920-ல் வரைந்த சுவரொட்டியில் கண் கட்டப்பட்ட குடியானவன் ஒருவன், கைகளை முன்னே நீட்டியபடி மலை விளிம்பிலிருந்து காலை எடுத்து வைக்கிறான். எழுதப் படிக்கத் தெரியாதவன் குருடனுக்குச் சமம் என்பது வாசகம். எழுத்தைக் கண் என்று சொல்லிப் பழகிய தமிழருக்கு இதற்கு உரை வேண்டாம். எல் லிஸ்ஸிட்ஸ்கியின் சிவப்பு ஆப்பு இதற்கு நேர் எதிர்: ஆளே இல்லை, வெள்ளை வட்டத்துக்குள் இறங்கும் ஒரு சிவப்பு முக்கோணம் மட்டும். வெள்ளை என்பது உள்நாட்டுப் போரில் புரட்சியை எதிர்த்த படை. இன்று உலகம் முழுதும் கொண்டாடுகிறார்கள். அன்றைய குடியானவனுக்கு அது என்ன சொல்லியிருக்கும் என்பது எனக்குச் சந்தேகமே.

த்மித்ரி மோரின் இரண்டு படங்களை அருகருகே வைத்துப் பார்த்தால் இந்தக் கலையின் சூட்சுமம் பிடிபடும். 1920-ல் வந்தது "நீ தொண்டனாகப் பெயர் கொடுத்தாயா?" சிவப்பு வீரன் நேராக நம்மை நோக்கி விரல் நீட்டுகிறான். பின்னால் ஆலைப் புகைபோக்கிகள். பயன்பட்டவை சிவப்பும் கறுப்பும் மட்டுமே, ஏனென்றால் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு தனி அச்சுக் கல் வேண்டும், உள்நாட்டுப் போர்க்காலத்தில் அதற்கு நேரமில்லை. விரல் நீட்டும் உத்தி அவருடையதல்ல. 1914-ல் பிரித்தானியர் படைக்கு ஆள் சேர்க்கத் தங்கள் போர் அமைச்சர் கிச்சனர் பிரபுவின் படத்தை வைத்துச் செய்த வேலை அது. முகமும் விரலும் நேர்முகமாக இருப்பதால் எந்தப் பக்கம் நகர்ந்தாலும் நம்மையே சுட்டுவது போலிருக்கும். நம் ஓவியர்கள் முகத்தைச் சற்றே திருப்பி வரைந்துவிட்டு, விரல் வேலை செய்யவில்லையே என்கிறார்கள்.

அடுத்த ஆண்டு வொல்கா கரையில் பஞ்சம். மோர் வரைந்தது கறுப்புப் பின்னணியில் கைகளைத் தூக்கிய எலும்பும் தோலுமான ஒரு கிழவர், ஒடிந்த ஒரு கதிர், ஒரே ஒரு சொல்: "உதவு". சிவப்பு இல்லை. என் பார்வையில் சோவியத் சுவரொட்டிகளில் இதை மிஞ்சியது எதுவுமில்லை. பிறகு 1932-33-ல் உக்ரைனில் இலட்சக்கணக்கில் மக்கள் பட்டினியில் மடிந்தபோது அப்படியொரு சுவரொட்டி வரவில்லை. பஞ்சம் என்பதையே அரசு மறுத்தது. சுவர்களில் கூட்டுப்பண்ணைப் பெண்கள் கோதுமைக் கட்டுகளோடு சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒளிப்பட ஒட்டுமுறையில் பெரும் பெயர் பெற்ற குஸ்தாவ் க்ளுட்ஸிஸ், அந்த ஆட்சிக்காகவே உழைத்தவர், 1938-ல் அதே ஆட்சியால் சுட்டுக்கொல்லப்பட்டார். படத்தைப் பதாகையில் போடுகிறவர் இதையும் தெரிந்து போட வேண்டும்.

சிரிக்கும் பெண்ணைப் பார்த்ததும் நமக்கு இன்னொருத்தி நினைவுக்கு வருவாள். அதே 1932-ல்தான் இலங்கைத் தேயிலைப் பிரசாரச் சபை நிறுவப்பட்டது. பிரசாரம் என்ற சொல்லைப் பெயரிலேயே வைத்துக்கொண்ட சபை! தேயிலைப் பொதிகளிலும் விளம்பரங்களிலும் கூடையோடு சிரிக்கும் நம் பெண்ணுக்கும் கோதுமைக் கட்டோடு சிரிக்கும் அந்தப் பெண்ணுக்கும் வேலை ஒன்றுதான்.

ஆகவே, அங்கிருந்து எடுக்க வேண்டியது படத்தை அல்ல, முறையை. பார்த்த உடனே அடையாளம் தெரிய வேண்டுமானால் அந்தப் பொருள் பார்ப்பவரின் கையில் இருந்ததாக இருக்க வேண்டும். சேவலைப் பார்த்தால் எந்தச் சங்கம் என்று லயத்துப் பிள்ளையும் சொல்லும். உதயசூரியனைப் போட்டால் இங்கும் தமிழகத்திலும் வேறு கட்சிகள்தான் நினைவுக்கு வரும், புதுயுகம் அல்ல. கொல்லனின் சுத்தியலுக்குப் பதில் தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்துக் கத்தியை வரையுங்கள். அதன் நுனி வளைவைக் கூட்டிவிட்டால் தூரத்தில் அரிவாளாகிவிடும், கவனம். கொழுந்துக் கூடையின் கயிறு தலையில் விழ வேண்டும்; பள்ளிக்கூடப் பை போல இரு தோளிலும் மாட்டி வரைகிறவர் மலைக்கு வந்ததே இல்லை என்று பெண்கள் சிரிப்பார்கள். இடுப்பில் சுற்றிக் கட்டும் படங்குத் துணி. விரல் நுனியில் இரண்டு இலையும் ஒரு மொட்டும், முழுக் கிளை அல்ல.

அச்சுக்குப் பணமில்லை என்பது ஒரு தடையே அல்ல. 1919 இலையுதிர்காலத்தில் மிகாயில் செரம்னிக் தொடங்கி, கவிஞர் மயகோவ்ஸ்கியும் சேர்ந்து, ரோஸ்டா என்ற அரசுச் செய்தி நிறுவனத்துக்காக நடத்திய ரோஸ்டா சாளரங்கள் அச்சுக்கூடத்தையே நம்பவில்லை. காலியாகக் கிடந்த கடைகளின் கண்ணாடிச் சாளரங்களில், அட்டையில் வெட்டிய அச்சுத்தகட்டால் கையாலேயே வர்ணம் ஒற்றிய படங்களை வைத்தார்கள். இரண்டாம் உலகப்போரில், ரோஸ்டாவுக்குப் பின் வந்த செய்தி நிறுவனமான டாஸின் சாளரங்களும் அதே வழியில்தான் நடந்தன.

அதை இங்கே செய்ய, தகட்டுக்குப் பழைய எக்ஸ்ரே படத்தாள் நல்லது. இல்லையென்றால் பிரிஸ்டல் அட்டையின் இரு பக்கமும் மெழுகு தேய்த்து எடுக்கலாம். தேய்க்காத அட்டை பத்துப் பிரதிக்குள் ஊறி நொந்துவிடும். நிறத்துக்கு ஒரு தகடு, வெளிர் நிறம் முதலில், கறுப்பு கடைசியில். எல்லாத் தகடுகளிலும் இரண்டு மூலைகளில் ஒரே இடத்தில் ஆணித்துளை இட்டுக்கொண்டால் நிறங்கள் விலகாது. தமிழ் எழுத்தில் ஒரு சங்கடம் உண்டு. ட, ப திறந்த எழுத்துகள், தொல்லையில்லை. க, ச, த, வ போன்றவற்றில் உள்ளே அடைபட்ட வெளி இருப்பதால் அப்படியே வெட்டினால் நடுத்துண்டு கழன்று விழும், எழுத்து ஒரு சிவப்புக் கட்டியாக வரும். 3 அங்குல எழுத்துக்கு 5 மில்லிமீற்றர் அகலத்தில் ஒரு பாலம் விடுங்கள், 6 அங்குலத்துக்கு 8. புள்ளியை எழுத்தோடு ஒட்டி வெட்டினால் இடையிலுள்ள நூல் கிழிந்து "ம்" வேறேதோ ஆகும்.

வர்ணத்துக்கு இமல்ஷன் போதும், தண்ணீர் கலக்க வேண்டாம். கடற்பஞ்சில் தொட்டு, பழைய பத்திரிகையில் நாலு தடவை ஒற்றி, ஏறக்குறைய உலர்ந்த பஞ்சால் தட்ட வேண்டும். ஈரம் கூடினால் தகட்டின் அடியில் ஊர்ந்து விளிம்பு கலையும். நுவரெலியாக் குளிரில் இரவில் செய்யாதீர்கள்; 10 பாகைக்குக் கீழே அந்த வர்ணம் படலமாகப் பிடிக்காது, காய்ந்த பின் மாவாக உதிரும். மாலையில் மங்கும் வெளிச்சத்தில் சிவப்பு கறுத்துத் தெரியும். சிவப்பின் மேல் கறுப்பு எழுத்து அப்போது காணாமலே போய்விடும், வெள்ளை எழுத்துத்தான் நிற்கும்.

பசைக்கு ஒரு கோப்பை கோதுமை மாவைக் குளிர்ந்த நீரில் கட்டியில்லாமல் கரைத்து, எல்லாமாக 5 கோப்பை தண்ணீர் வரும்படி கொதிநீர் விட்டு, பளபளக்கும் வரை கிண்டுங்கள். ஆறிய பின் பிளாஸ்டிக் வாளிக்கு மாற்றி அரைத் தேக்கரண்டி மயில்துத்தம் (செப்பு சல்பேற்று) சேர்த்தால் பூஞ்சணம் வராது. அலுமினியப் பாத்திரத்தில் சேர்த்தால் பாத்திரம் அரித்துவிடும். அது நஞ்சு, பிள்ளைகள் கைக்கு எட்டக் கூடாது. பூசிய தாளை 2 நிமிடம் விட்டு, அது ஊறி விரிந்த பிறகே ஒட்டுங்கள். உடனே ஒட்டினால் சுவரில் விரிந்து சுருங்கும். மூடுபனியில் வேர்த்த சுவரைத் துணியால் துடைக்காமல் எந்தப் பசையும் நிற்காது.

இறக்கிய படத்தைத்தான் அச்சடிப்பேன் என்பவருக்கு ஒரு கணக்கு. 8 அடி என்றால் 96 அங்குலம். அங்குலத்துக்கு 50 புள்ளி வேண்டுமானால் படம் 4,800 புள்ளி அகலம் இருக்க வேண்டும். தொலைபேசியில் வரும் 800 புள்ளிப் படம் சதுரம் சதுரமாகத்தான் தெரியும்.

அந்தக் கட்டுரைக்கு ரஷ்யப் படமே வேண்டுமென்றால், அதொல்ஃப் ஸ்த்ராகொவ் 1926-ல் வரைந்த செங்கொடி ஏந்திய பெண் பொருந்துவாள்: விடுதலை பெற்ற பெண்ணே, சோசலிசத்தைக் கட்டு என்பது வாசகம். யெலிசவேத்தா க்ரூக்லிகொவாவின் 1923-ஆம் ஆண்டுப் படமும் ஆகும். அதில் மகள், அம்மா, உனக்கு எழுத்து தெரிந்திருந்தால் எனக்கு உதவியிருப்பாயே என்கிறாள். தங்கள் இணையப் பதிப்பில் பழைய படம் இன்னும் அப்படியே இருக்கிறது. மாற்ற முடியாவிட்டால் கீழுள்ள வரியையாவது "வாயளக்காதே, 1941" என்று திருத்திவிடுங்கள்.

இப்படிக்கு,
சித்திரப் பாட ஆசிரியர் ஒருவர்,
ஹட்டன்.