தோட்டா உள்ளே போகிறது என்பதற்காகச் சுட்டுவிடாதே

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று ராத்திரி நீ அனுப்பிய போட்டோவைப் பார்த்தேன். சித்தப்பாவின் இரட்டைக் குழல் துப்பாக்கி மேஜைமேல் திறந்து கிடக்கிறது, இரண்டு குழலிலும் சிவப்புத் தோட்டா, கீழே “கச்சிதமா உட்காருது அண்ணா, பொங்கலுக்கு ரெண்டு வெடி போட்டுப் பார்க்கலாமா” என்று ஒரு வரி. முதலில் அந்தத் தோட்டாக்களை வெளியே எடு. எடுத்துவிட்டாயா? சரி, இப்போது படி.

நீ வாங்கியது 70 மி.மீ. தோட்டா. கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பது அதுதான். சித்தப்பாவுடையதைப் போன்ற அந்தக் காலத்து இங்கிலாந்துத் துப்பாக்கிகளில் சேம்பர், அதாவது குழலில் தோட்டா உட்காரும் அறை, பெரும்பாலும் 65 மி.மீ., அதாவது இரண்டரை அங்குலம். அப்புறம் எப்படி உள்ளே போகிறது என்று கேட்பாய். 70 என்பது சுட்ட பிறகு வாய் விரிந்த கூட்டின் நீளம். சுடாத தோட்டாவின் வாய் உள்பக்கமாக மடிந்திருப்பதால் அது 65-க்கும் குட்டை, சமத்தாக உட்கார்ந்துகொள்ளும். வெடிக்கும்போதுதான் அந்த மடிப்பு விரிந்து, சேம்பர் முடிந்து குழல் குறுகத் தொடங்குகிற இடத்தில் போய் நிற்கும், ரவை மொத்தமும் அந்த இடுக்கில் பிதுங்கித்தான் வெளியேற வேண்டும். அழுத்தம் எகிறிவிடும். ஒரு தடவை சுட்டு ஒன்றும் ஆகவில்லையே என்று நினைப்பவர்களுக்குத்தான் எனக்குப் பயம், ஏனென்றால் விரிசல் முதல் வெடியில் வெளியே தெரிய வேண்டும் என்று கட்டாயமில்லை.

குழலைக் கழற்றிக் கவிழ்த்து வைத்து, டார்ச் அடித்து அடிப்பக்கத்தைப் பார். மேலே இரண்டு குழலுக்கும் நடுவே ஓடும் பட்டையில் இருக்கும் கல்கத்தா கடைப் பெயரை நம்பாதே, அது விற்றவர் பெயராகவும் இருக்கலாம். அடியில் அடித்திருக்கும் முத்திரைகள்தான் அதன் ஜாதகம். இங்கிலாந்தின் பர்மிங்காமில் 1813-இல் இருந்து துப்பாக்கிச் சோதனைச் சாலை இருக்கிறது, குழலில் அதிக வெடிமருந்து போட்டு வெடித்துப் பார்த்துத் தாங்கினால்தான் முத்திரை அடிப்பார்கள். கிரீடத்துக்குக் கீழே என்.பி. என்ற எழுத்து இருந்தால் இன்றைய புகையில்லா மருந்துக்குச் சோதித்தது. அது இல்லாமல் கருமருந்துக்கு மட்டும் சோதித்த குழல் என்றால் சுடுகிற பேச்சே வேண்டாம், சுவரில் அழகு பார்த்துக்கொள்ளலாம். சேம்பர் நீளம் இரண்டரை என்று அடித்திருந்தால் என் கடிதத்துக்கு மேல் சாட்சி வேண்டியதில்லை.

அப்படியே இன்னொன்றும் செய். குழல் இரண்டையும் கொக்கிப் பக்கம் ஒரு விரலில் தொங்கவிட்டு நகத்தால் சுண்டு. வெண்கலக் கும்பாவைத் தட்டினாற்போல் நின்று ஒலித்தால் நல்லது. டொக் என்று செத்த சத்தம் வந்தால் நடுவில் பற்றவைத்த ஈயம் எங்கோ விட்டிருக்கிறது. அப்போதும் வெல்டிங் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு ஓடாதே, அந்தச் சூட்டில் மிச்சமும் விட்டுப்போகும். குடியாத்தம் ரோட்டில் ஒரு லேத் பட்டறைக்காரர் என்னிடமே சொன்னார், “அஞ்சு மில்லி உள்ள கடைஞ்சு விட்டா எழுபதும் போகும் சார்” என்று. எவ்வளவு சுலபமாகச் சொன்னார்! கடைந்தால் இரும்பு மெலியும், முத்திரைக்கு அர்த்தம் போய்விடும், அந்த வேலைக்கு லைசென்ஸ் இல்லாதவர் கை வைப்பது சட்டப்படியும் குற்றம்.

என் துப்பாக்கியை நான் பாழாக்கிய கதை உனக்குத் தெரியாது. அப்பா தேங்காய் எண்ணெய் பூசுவார், நானும் பதினைந்து வருஷம் பூசினேன், குழல் மேலே பார்க்க நிறுத்தியும் வைத்தேன். எண்ணெய் எல்லாம் இறங்கி, தோளில் வைக்கும் மரக்கட்டையின் தலைப்பகுதிக்குள் ஊறி, மரம் கறுத்து, நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழுகிற அளவுக்கு இளகிவிட்டது. அதன்மேல் நம் ஊர் அக்னி நட்சத்திரம். ஒரு மே மாதம் திருகாணி எல்லாம் தளர்ந்து, கட்டையில் முடி போல ஒரு கீறல் வந்தது. இப்போது துணியில் நாலு சொட்டு எண்ணெய்தான், குழல் வாய் கீழே பார்க்கச் சாய்த்து வைக்கிறேன். தேர்தல் சமயத்தில் ஒப்படைத்துவிட்டுத் திரும்ப வாங்கும்போது உடனே துடைத்துவிடு, எனக்கு ஒருமுறை உளுந்து உளுந்தாகத் துருவோடு வந்தது.

சுடவே கூடாது என்று சொல்லவில்லை. 65 மி.மீ. தோட்டாவுக்கு டீலரிடம் சொல்லி வை, மருந்தும் ரவையும் குறைவான லேசான சுமையாகக் கேள், வருகிறபோது வரட்டும். ஏரிக்கரை வேண்டாம். சித்தப்பா அங்கே காடை, கவுதாரி அடித்ததெல்லாம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு முந்தைய கதை, இன்று கிளப் மைதானத்தில் பறக்கவிட்டுச் சுடுகிற மண்தட்டுதான். முன் விசை வலது குழல், பின் விசை இடது குழல், பழகும்வரை ஒரு நேரத்தில் ஒரே தோட்டா. ஏழெட்டு வெடியிலேயே குழல் கொதிக்கும், முன்கட்டை ஒல்லி என்பதால் இடது கை குழலைத்தான் பிடிக்கும். இங்கிலாந்துக்காரர்கள் அதற்கென்று தோல் உறை போடுவார்கள். நாம் ஆம்பூருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு அதற்குக் கவலைப்படுவதா, ஷூ தைக்கிறவர் ஒருவர் துண்டுத் தோலில் எனக்கு அருமையாகத் தைத்துக் கொடுத்தார்.

லைசென்ஸ் புத்தகத்தையும் எடுத்து வை. சித்தப்பாவுடையதில் இன்னும் வட ஆற்காடு மாவட்டம் என்றுதான் இருக்கும். உன் பெயருக்கு மாறின உத்தரவு கையில் இருக்கிறதா, இல்லை மனு கொடுத்ததோடு சரியா? மனு மட்டும்தான் என்றால் துப்பாக்கி உன் வீட்டிலேயே இருக்கக் கூடாது, நாளைக்கே டீலரிடம் ஒப்படைத்து ரசீது வாங்கு.

ஞாயிறு காலை முதல் பஸ்ஸில் ஒடுகத்தூர் வருகிறேன், துப்பாக்கி எங்கே இருக்கிறதோ அங்கேயே போய்ப் பார்த்துக்கொள்ளலாம். சித்தியிடம் சொல்லிவிடு. அந்தச் சிவப்புத் தோட்டா டப்பாவைக் கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்வாரா என்று அதற்குள் கேட்டு வை.

அண்ணன்