பெரியகுளத்துக்காரனுக்குப் பேரிஜத்துச் செய்தி

அன்பு நண்பனுக்கு,

இங்கு அனைவரும் நலம். முழங்கால் அறுவைக்குப் பிறகு நீ கைத்தடி இல்லாமல் வாசல் வரை நடக்கிறாய் என்று உன் மகள் தொலைபேசியில் சொன்ன பிறகுதான் எனக்கு நிம்மதி வந்தது. விடுதி அறையில் நாம் ஐந்து பேரும் திட்டம் போட்டு, வேலை, கல்யாணம், பிள்ளைகள் படிப்பு என்று நாற்பது ஆண்டுகளாகத் தள்ளிப்போட்ட மலைப் பயணத்தை, இந்த மே மாதம் நானும் என் மனைவியும் முடித்துவிட்டு வந்தோம். நீ இல்லாமல் போனது நெஞ்சை உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஆகவே ஒன்றையும் விடாமல் எழுதுகிறேன்.

மதுரையிலிருந்து விடியற்காலையில் கிளம்பி, வத்தலக்குண்டில் உங்கள் ஊர் மாம்பழம் ஒரு கூடை வாங்கிக்கொண்டு, காட்ரோட்டில் மலையேறத் தொடங்கினோம். 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் இ-பாஸ் இல்லாமல் போக முடியாது என்பது உனக்குத் தெரிந்திருக்கும். சோதனைச்சாவடியில் அதைக் காட்டியதோடு, வண்டியில் பிளாஸ்டிக் பாட்டில் இருக்கிறதா என்றும் பார்த்தார்கள். என் மனைவி முன்யோசனையாக எவர்சில்வர் கூஜாவில் தண்ணீர் எடுத்து வந்திருந்தாள். டம்டம் பாறையில் நிறுத்தி எலிவால் அருவியைப் பார்த்தோம். கிட்டத்தட்ட ஆயிரம் அடி உயரத்திலிருந்து விழும் அருவி, கோடையில் பாறைமேல் ஒட்டிய வெள்ளை நூலாகத் தெரிந்தது.

நம் ஐவரில் கணக்கு வாத்தியாரானவரின் வீடு கொடைக்கானல் ஏரிக்கு மேலே, ஜன்னலைத் திறந்தால் தண்ணீர் தெரியும் இடத்தில் இருக்கிறது. மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ்சு 1863இல் ஓடையை மறித்துக் கரை கட்டியதால் உண்டான ஏரி அது. சுமார் 60 ஏக்கர். முதல் படகைத் தூத்துக்குடியிலிருந்து வரவழைத்தவரும் அவர்தான். இவை எல்லாவற்றையும் வாத்தியார் கரும்பலகை முன் நிற்பவர் போலவே நின்று சொன்னார். ஆனால் மறுநாள் காலை ஆறு மணிக்கு அவர் வீட்டு வாசலில் தண்ணீர் லாரி வந்து நின்றபோதுதான் எனக்கு விஷயம் உறைத்தது. எதிரே அத்தனை தண்ணீர் தளும்பிக்கொண்டிருக்க, மே மாதம் முழுவதும் அவர் குடிக்கவும் குளிக்கவும் விலை கொடுத்துத் தண்ணீர் வாங்குகிறார். அவர் மனைவி மாடித் தொட்டிக்குக் குழாயைச் சரிபார்த்துவிட்டு வந்து, "சீசன் முடியற வரைக்கும் இப்படித்தாண்ணே" என்றார். அதற்குப் பிறகு வழியில் பார்த்த ஒவ்வொரு ஏரியிலும், இந்தத் தண்ணீரை யார் குடிக்கிறார்கள் என்ற கேள்விதான் எனக்கு முதலில் எழுந்தது.

அடுத்த நாள் பேரிஜம் ஏரிக்குப் போனோம். நீ விடுதிக்கு வந்த முதல் வாரத்தில், மதுரைத் தண்ணீரைக் குடித்துவிட்டு முகம் சுளித்து, "எங்க ஊர்த் தண்ணி மலையிலிருந்து வருது, இனிக்கும்" என்று சொன்னாயே, அந்தத் தண்ணீர் கிடக்கும் இடம் இதுதான். வனத்துறை நாளொன்றுக்குக் குறிப்பிட்ட எண்ணிக்கையிலான வண்டிகளுக்கு மட்டும் அனுமதி தருவதால் வாத்தியார் காலையிலேயே வரிசையில் நின்று சீட்டு வாங்கி வைத்திருந்தார். கொடைக்கானலிலிருந்து இருபது கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். மதிகெட்டான் சோலையைத் தாண்டும்போது வெயில் இருந்தும் சாலையில் விளக்கு போடும் அளவுக்கு இருட்டு. உள்ளே போனவன் திசை தெரியாமல் மதி கெட்டுத் திரிவான் என்பதால் வந்த பெயராம்.

ஏரிக்கரையில் கடை இல்லை, படகு இல்லை, பாட்டுச் சத்தம் இல்லை. நான்கு காட்டெருமைகள் எதிர்க்கரையில் முழங்கால் அளவு நீரில் நின்று குடித்துக்கொண்டிருந்தன; ஒன்று தலையைத் தூக்கியபோது அதன் மோவாயிலிருந்து சொட்டிய நீர் விழுந்த இடத்தில் வட்டம் விரிந்ததுகூடத் தெரியும்படி ஏரி அசையாமல் கிடந்தது. அங்கிருந்த வனக்காவலரிடம், தெரிந்துகொண்டே, இந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்டேன். "பெரியகுளத்துக்குங்க" என்றார். உன் அம்மா கும்பக்கரைக்குப் போகும்போது கட்டிக்கொடுத்த புளியோதரையும், உங்கள் வீட்டுத் திண்ணையில் வைத்திருந்த பித்தளைக் குடமும், அதன்மேல் கவிழ்த்த சொம்பும் அந்த ஒரு சொல்லில் என் கண்முன் வந்துவிட்டன. உன் வீட்டில் நான் குடித்த தண்ணீரின் தலைமாட்டில் நிற்கிறேன் என்ற எண்ணத்தில் எனக்குப் பேச்சே வரவில்லை.

திரும்பும் வழியில் வாத்தியார் சொன்னதை நீயும் தெரிந்துகொள்ள வேண்டும். மலை உச்சியின் புல்வெளியும் மடிப்புகளில் உள்ள சோலையும் மழையைப் பஞ்சுபோல உறிஞ்சி வைத்துக்கொண்டு, கோடையில் சிறுகச் சிறுக ஓடைகளுக்கு விடுகின்றன. அந்தப் புல்வெளிகளில் பெரும்பகுதியில் சென்ற நூற்றாண்டில் பைனும் சீகையும் தைலமரமும் நட்டுவிட்டார்கள். பைன் காட்டைப் பார்த்து என் மனைவி அழகு என்று வியந்தாள். அந்த மரத்தடியில் ஒரு புல்கூட முளைக்கவில்லை என்பதை வாத்தியார் காட்டிய பிறகு அவள் படம் எடுப்பதை நிறுத்திவிட்டாள்.

மன்னவனூரில், பூண்டு பயிரிடும் நம் அறைத்தோழனோடு ஒரு பகல் இருந்தோம். ஏரியில் பரிசல் ஓடுகிறது, பக்கத்தில் மத்திய அரசின் ஆட்டுப் பண்ணை இருக்கிறது, கூட்டமும் இருக்கிறது. அவன் எங்களை அங்கே நிற்க விடாமல் தோட்டத்துக்கு அழைத்துப் போய்விட்டான். விதைக்கு வைத்த பூண்டைத் தாளோடு கற்றையாகக் கட்டி, கொட்டகையில் மூங்கிலில் தொங்கவிட்டுப் புகை போட்டிருந்தான். 2019இல் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததைச் சொல்லும்போது, தன் மகளுக்கு வேலை கிடைத்ததைச் சொல்வதுபோல அவன் முகம் மலர்ந்தது. ஒரு பல்லைச் சூடாக உரித்துக் கையில் வைத்தான்; அந்தக் காரம் பழனி இறங்கும்வரை என் நாக்கில் இருந்தது. உனக்கும் ஒரு கற்றை கொடுத்திருக்கிறான்.

பழனி வழியாக இறங்கி, உடுமலை, பொள்ளாச்சி, கோவை கடந்து மேட்டுப்பாளையம் சேர்ந்தோம். வழியில் சமவெளி வெயிலைத் தவிர எழுத ஒன்றுமில்லை. சீசனில் குன்னூர் சாலையை ஏறுவதற்கும் கோத்தகிரி சாலையை இறங்குவதற்கும் ஒருவழியாக்கியிருப்பதால் குன்னூர் வழியே ஏறினோம்.

மின்வாரியத்தில் ஓய்வுபெற்ற நம் அறைத்தோழன் நீலகிரியின் எமரால்டில், படகர் ஊரான தன் ஹட்டிக்கு அருகிலேயே வீடு கட்டியிருக்கிறான். அன்று இரவு அவன் வீட்டில் அவரைக்கொட்டையும் உருளைக்கிழங்கும் போட்ட குழம்பு. என் மனைவி இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். காலையில் அணைப்பக்கம் நடந்தோம். நீர் இறங்க இறங்கக் கரை மண்ணில் படிந்த கோடுகள் படிக்கட்டுபோல வரி வரியாகத் தெரிந்தன. மழை பிடித்தால் எத்தனை நாளில் எந்தக் கோடு மறையும் என்று அவன் விரலால் காட்டிக்கொண்டே வந்தான். 1950களில் கனடா நாட்டு உதவியோடு தொடங்கிய குந்தா நீர்மின் திட்டத்தில் அவன் தந்தையும் கூலியாளாக மண் சுமந்திருக்கிறார். மேல் பவானி அணை நீர் அவலாஞ்சிக்கும் எமரால்டுக்கும் வந்து, குந்தா, கெத்தை, பரளி என்று ஒவ்வொரு மின்நிலையத்திலும் இறங்கி, கடைசியில் பில்லூர் சேர்ந்து கோவைக்காரர்களின் குழாயில் வருகிறது. "முப்பது வருஷம் இந்தத் தண்ணியைக் கீழே அனுப்பிட்டே இருந்தேன்டா" என்று அவன் சொன்னபோது குரல் தழுதழுத்தது.

ஊட்டியில் ஒரு மணி நேரம்தான் நின்றோம். கோவைக் கலெக்டராக இருந்த சல்லிவன் 1820களில் வெட்டிய ஏரி இன்றைய பேருந்து நிலையமும் குதிரைப் பந்தய மைதானமும் இருக்கும் இடம்வரை பரந்திருந்தது என்று நண்பன் காட்டினான். நாங்கள் வண்டியை நிறுத்தியிருந்ததே பழைய ஏரிக்குள்தான். கனமழையில் அங்கே தண்ணீர் தேங்குவதைத் தொலைக்காட்சியில் பார்க்கும்போதெல்லாம் இனி எனக்கு அந்த ஏரிதான் நினைவுக்கு வரும்.

நீ பேரிஜத்தைப் பார்த்ததில்லை என்று ஒருமுறை சொன்னாய். அறுபது வயதுக்கு மேலும் பார்க்காமல் இருக்கக் கூடாது. ஜனவரியில் மழை ஓய்ந்து ஏரி நிறைந்திருக்கும். உன் மருத்துவர் சம்மதித்தால் ரயிலேறிக் கொடைரோட்டில் இறங்கு. நான் வண்டியோடு நிற்பேன். வாத்தியார் படியேற வேண்டாத கீழறையை உனக்கென்று ஒழித்து வைப்பதாகச் சொல்லிவிட்டார், அனுமதிச்சீட்டுக்கும் அவரே வரிசையில் நிற்பாராம். மற்ற இருவரும் வருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். கம்பளிக் குல்லாய் மட்டும் மறக்காமல் எடுத்து வா, காலையில் அங்கே காது விறைத்துப் போகிறது. பூண்டுக் கற்றையை உன் மகள் இந்தப் பக்கம் வரும்போது கொடுத்தனுப்புகிறேன்.

என்றும் அன்புடன்,
உன் அறைத்தோழன்