நெல் வேரின் துரு நிறம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் யூரியா பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். 'தண்ணீர் கட்டிய வயலில் நெல் அமோனியத்தை மட்டுமே எடுக்கும், நைட்ரேட்டுக்கு அங்கே வேலையில்லை' என்று ஒரு வரி இருந்தது. அமோனியம், நைட்ரேட் இரண்டுமே பயிர் மண்ணிலிருந்து எடுக்கும் தழைச்சத்தின் (நைட்ரஜனின்) வடிவங்கள். அந்த வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

நட்டு ஒரு மாதமான பயிரைப் பிடுங்கி வாய்க்கால் தண்ணீரில் அலசிப் பாருங்கள். சேறு கறுத்திருக்கும், வேரோ துருப்பிடித்த ஆணி போலச் செம்பழுப்பாக இருக்கும். தண்டு வழியே இறங்கும் காற்றில் கொஞ்சத்தை நெல் வேர் சேற்றில் கசியவிடுகிறது. அந்த ஆக்சிஜன் பட்டுத்தான் சேற்றிலுள்ள இரும்பு வேர்மேல் துருவாகப் படிகிறது. அதே ஆக்சிஜனைக் கொண்டு அங்குள்ள நுண்ணுயிர்கள் அமோனியத்தை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. நெல்லுக்கு அமோனியம்தான் முதன்மை, மறுக்கவில்லை. ஆனால் வேரோரத்தில் உண்டாகும் நைட்ரேட்டையும் வேர் அங்கேயே இழுத்துக்கொள்கிறது. வயல் தண்ணீரைச் சோதித்தால் அது எப்படிச் சிக்கும்?

இழுக்கும் வேலை, வேர்ச் செல்லின் சவ்வில் பதிந்திருக்கும் புரதங்களுடையது. அவற்றில் ஒன்றுக்கான மரபணுவை 1993இல் அராபிடாப்சிஸ் என்னும் சிறு கடுகினச் செடியில் கண்டுபிடித்தார்கள். குளோரேட் என்னும் வேதிப்பொருள் பயிரைக் கொல்லும். நைட்ரேட் நுழையும் வாசல் வழியாகவே அதுவும் நுழைகிறது. அந்த வாசல் பழுதான செடிகள் மட்டும் குளோரேட்டுக்குத் தப்பிப் பிழைத்தன. அதை வைத்தே மரபணுவைப் பிடித்தார்கள். பெயர் என்.ஆர்.டி. 1.1. மண்ணில் நைட்ரேட் அருகிப்போனால் அந்தப் புரதச் சங்கிலியின் 101ஆவது கண்ணியான அமினோ அமிலத்தில் ஒரு பாஸ்பேட் ஒட்டிக்கொள்ளும். பிறகு சொற்ப நைட்ரேட்டையும் அது விடாமல் பற்றும். எனக்கு இன்றும் வியப்பு தருவது இதுதான்.

நெல்லில் இதற்கு இணையான என்.ஆர்.டி. 1.1பி மரபணுவைப் பற்றிச் சீன ஆய்வாளர்கள் 2015இல் எழுதினார்கள். நெல்லின் இரு பெரும் இனங்களான இண்டிகாவுக்கும் ஜப்பானிகாவுக்கும் அந்த மரபணு தரும் புரதத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம்தான் வேறுபாடு. இண்டிகாவின் வடிவமே நைட்ரேட்டை அதிகம் எடுக்கிறது. இண்டிகாவின் வடிவத்தை ஜப்பானிகாவுக்கு மாற்றியபோது தழைச்சத்தைப் பயன்படுத்தும் திறனும் விளைச்சலும் கூடின. நம் வயல்களில் விளையும் பொன்னியும் ஆடுதுறை ரகங்களும் இண்டிகாதான். நைட்ரேட்டை எடுப்பதில் முந்தி நிற்கும் நெல்லினத்தை வைத்துக்கொண்டு, நைட்ரேட்டே வேண்டாம் என்று நாம் எழுதலாமா?

என் பேத்தி வேளாண் கல்லூரியில் படிக்கிறாள். உங்கள் வேளாண் பக்கத்தை வாராவாரம் வெட்டிக் கோப்பில் வைக்கிறாள். அடுத்த இதழில் அந்த வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள். அதையும் பக்கத்தில் ஒட்டி வைத்துக்கொள்வாள்.

இப்படிக்கு,
ஒரு விவசாயி,
திருவாரூர் மாவட்டம்.