எண்பதுகளோட ராக் கிட்டார் டோன்: உங்க கட்டுரையில விட்டுப்போனது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க ஞாயிறு இணைப்புல எண்பதுகளோட ஹார்ட் ராக் கிட்டார் டோனை வீட்டுலயே கொண்டு வர்றது எப்படின்னு ஒரு கட்டுரை வந்துச்சு. ஒரு தமிழ் தினசரி இந்த விஷயத்தைத் தொட்டதே பெரிய சந்தோஷம், அதுக்கு முதல்ல நன்றி. ஆனா கட்டுரை முழுக்க என்னென்ன வாங்கணும்னு ஒரு பட்டியலாவே போயிடுச்சு, இந்த கிட்டார், இந்த ஆம்ப் (சத்தத்தைப் பெருக்கற ஆம்ப்ளிஃபயர்), இந்த பெடல் (கால்ல அழுத்தி சத்தத்தை மாத்தற பெட்டி), சத்தத்தைக் கரகரப்பாக்கற கெய்ன் நாபை கடைசி வரைக்கும் திருப்புங்க, டோன் வந்துரும்னு முடிச்சுட்டாங்க. இதைப் படிச்சுட்டு வீட்டுல அடம்புடிச்சு ஈஎம்ஐ போட்டு லட்சக்கணக்குல செலவு பண்ணப்போற பசங்க இருக்காங்க, அதனாலதான் எழுதறேன்.

ரெக்கார்டுல நாம கேக்கறது ஆம்ப்ல இருந்து நேரா வந்த சத்தம் கிடையாது. ஆம்ப்பை சத்தமா ஓடவிட்டு, 12 இன்ச் ஸ்பீக்கர் நாலு இருக்கற கேபினட் முன்னாடி மைக் வச்சு, அதை டேப்ல பிடிச்சு, மிக்ஸிங்ல லோ எண்டை, அதாவது அடிமட்ட சத்தத்தை வெட்டி, ரிவெர்ப்னு சொல்ற எதிரொலியைச் சேத்து, பேஸும் டிரம்ஸும் கூட உக்காந்த பிறகு வர்ற சத்தம் அது. இதுல கிட்டாரிஸ்ட் பேரு மட்டும்தான் நமக்குத் தெரியும், மைக்கை வச்சவர் பேரு தெரியாது.

வான் ஹேலன்ங்கற அமெரிக்க ராக் குழுவையே எடுத்துக்குவோம். முதல் ஆல்பம் 1978ல வந்தது, ஆனா அடுத்த பத்து வருஷம் எல்லாரும் துரத்தினது அந்த டோனைத்தான். அந்தக் குழுவோட கிட்டாரிஸ்ட் எட்டி வான் ஹேலன் கையில இருந்தது கடையில வாங்கின பெரிய கிட்டார் இல்ல, 50 டாலர் பாடியும் 80 டாலர் நெக்கும் வாங்கி அவரே பூட்டினது, அதுல பழைய கிப்ஸன் கம்பெனி ஹம்பக்கர் (கம்பியோட அதிர்வை மின் சிக்னலா மாத்தற பிக்கப்ல ஒரு வகை) ஒண்ணு, அது கீச்சுன்னு கத்தாம இருக்க மெழுகுல முக்கி எடுத்தது. பின்னாடி 100 வாட் மார்ஷல் ஆம்ப். இதெல்லாம் எல்லாரும் சொல்றதுதான். ஆனா ஹாலிவுட் சன்செட் சவுண்ட் ஸ்டூடியோல டான் லேண்டின்னு ஒரு இன்ஜினியர் என்ன பண்ணாருன்னு பாருங்க, கிட்டாரை இடது பக்கம் வச்சுட்டு அந்த ஸ்டூடியோவோட எக்கோ சேம்பர்ங்கற எதிரொலி அறையில இருந்து வர்ற ரிவெர்பை வலது பக்கம் விட்டாரு. ஒரே கிட்டார் அவ்வளவு பெருசா கேக்கறதுக்கு பாதி காரணம் இதுதான். ஹெட்ஃபோன் போட்டு ஒரு காதை மாத்தி ஒரு காது கேட்டாலே புரிஞ்சுரும்.

ஏசி டிசி குழுவோட பேக் இன் பிளாக் ஆல்பம் 1980ல பஹாமாஸ்ல நசாவு ஊர்ல காம்பஸ் பாயின்ட் ஸ்டூடியோல பதிவு பண்ணினது, தயாரிப்பு மட் லேங், இன்ஜினியர் டோனி பிளாட். அதுல கெய்ன் நீங்க நெனைக்கறதை விட ரொம்ப கம்மி. ரிதம் கிட்டாரிஸ்ட் மால்கம் யங் கனமான கம்பி போட்டு, ஒரே ஒரு பிக்கப் வச்ச க்ரெட்ச் கிட்டார்ல ஓங்கி அடிக்கறாரு, அந்த கனம் கையில இருந்து வருது. லீட் கிட்டாரிஸ்ட் ஆங்கஸ் யங்கோட டோன்ல இன்னொரு ரகசியம் இருக்கு, மேடைக்காக வாங்கின ஷாஃபர் வேகா வயர்லெஸ் பெட்டியை ஸ்டூடியோலயும் பயன்படுத்தினாரு, அது சிக்னலை அமுக்கி விரிக்கறப்போ சத்தத்துக்கு ஒரு முனைப்பு குடுத்துருது. வருஷக்கணக்கா ஜனங்க ஆங்கஸ் மாதிரியே எஸ்ஜி கிட்டார் வாங்கி மார்ஷல் வாங்கி ஏன் வரலன்னு மண்டைய ஒடைச்சுக்கிட்டு இருந்தாங்க, விட்டுப்போனது ஒரு வயர்லெஸ் பெட்டி.

1987ல வந்த கன்ஸ் அண்ட் ரோஸஸ் குழுவோட ஆல்பம் அப்படைட் ஃபார் டிஸ்ட்ரக்‌ஷனைக் கேட்டுட்டு உலகம் முழுக்க கிப்ஸன் லெஸ் பால் கிட்டார் வாங்கினாங்க. அந்தக் குழுவோட கிட்டாரிஸ்ட் ஸ்லாஷ் அந்த ஆல்பத்துல பெரும்பாலும் வாசிச்சது கிப்ஸன் லெஸ் பாலே இல்ல, கிரிஸ் டெரிக்னு ஒருத்தர் கையால செஞ்ச லெஸ் பால் நகல், ஆம்ப்பும் உள்ள மாத்தி அமைச்ச வாடகை மார்ஷல். அதே வருஷம் வந்த டெஃப் லெப்பர்ட் குழுவோட ஹிஸ்டீரியா ஆல்பத்துல கிட்டார் பெரும்பாலும் ராக்மேன், பாஸ்டன் குழுவோட கிட்டாரிஸ்ட் டாம் ஷோல்ஸ் உருவாக்கினது, பெல்ட்ல மாட்டிக்கிட்டு ஹெட்ஃபோன்ல வாசிக்கற சின்ன டப்பா. சுவர் மாதிரி ஆம்ப் அடுக்கி வச்சாதான் பெரிய டோன் வரும்னு நம்பறவங்க இந்த ஆல்பத்தை திரும்ப ஒருதடவை கேக்கணும்.

அப்ப வீட்டுல என்ன பண்றது? அபார்ட்மென்ட்ல 100 வாட் மார்ஷலைத் திறந்தா கீழ்வீட்டுக்காரர் போலீஸோட வருவாரு. நியூரல் ஆம்ப் மாடலர்னு ஒரு சாஃப்ட்வேர் இலவசம், உண்மையான ஆம்ப்புகளைப் பிடிச்ச ஃபைல்களும் ஆளுங்க சும்மாவே பகிர்றாங்க. ஆனா அதுக்கு அப்புறம் கேபினட் ஃபைல் (ஸ்பீக்கர் பெட்டியோட சத்தத்தைப் பிடிச்சு வச்ச ஃபைல்) ஒண்ணு கட்டாயம் போடணும், ஏன்னா கிட்டார் ஸ்பீக்கர் சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல பெருசா எதையும் விடாது, அது இல்லாம டிஸ்டார்ஷனை, அதாவது அந்தக் கரகரப்பை நேரா கேட்டா கொசு காதுல சுத்தற மாதிரிதான் இருக்கும். நிஜ ஆம்ப் வச்சிருந்தா எஸ்எம் 57 மைக்கை ஸ்பீக்கர் கோனோட நடுவுல வச்சா கூர்மையா வரும், ஓரத்துக்கு நகத்தினா மந்தமாகும், ஒரு இன்ச் நகர்த்தறது புது பெடல் வாங்கறதை விட பெரிய மாற்றம். கெய்னைக் குறைங்க, மிட்டை (நடுத்தர ஸ்தாயி சத்தம்) ஏத்துங்க, பேஸைக் குறைங்க, தனியா கேக்கறப்போ ஒல்லியா தெரியும், பாட்டுக்குள்ள சரியா உக்காரும். ரிதம் பார்ட்டை ரெண்டு தடவை நிஜமாவே வாசிச்சு இடது வலதுன்னு பிரிங்க, ஒண்ணையே காப்பி பண்ணி ஒட்டினா சத்தம் கூடுமே தவிர அகலம் வராது. ஓஸி ஆஸ்போர்ன் குழுவுல வாசிச்ச ராண்டி ரோட்ஸ் சோலோவையே பல தடவை அச்சு அசலா வாசிச்சு ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கினவர். கிட்டாரை அரை ஸ்வரம் இறக்கி ட்யூன் பண்ணிப் பாருங்க, எட்டியும் ஸ்லாஷும் அப்படித்தான், கம்பி தளர்ந்து டோன் தடிமனாகும். இதுக்கெல்லாம் பைசா செலவு கிடையாது.

இனி நான் சொல்றது அவசரமானது, தயவுசெஞ்சு கவனிங்க. எட்டி வான் ஹேலன் ஆம்ப்புக்கு கரண்ட்டை ஏத்திக் குடுத்துதான் அந்த டோனைக் கொண்டு வந்தார்னு உங்க கட்டுரையில ஒரு வரி இருக்கு. அது தப்பு. ஆரம்பத்துல பேட்டியில அவரே ஏத்தினேன்னுதான் சொன்னாரு, பின்னாடி உண்மையைச் சொன்னாரு, வேரியாக்னு வோல்டேஜை ஏத்தி இறக்கற கருவி ஒண்ணை வச்சு அமெரிக்க 120 வோல்ட்டை கிட்டத்தட்ட 90க்கு இறக்கித்தான் ஓட்டினாரு. முதல் பேச்சை நம்பி வோல்டேஜை ஏத்தினா ஆம்ப் உள்ள இருக்கற வால்வும் (கண்ணாடிக் குழாய்) ட்ரான்ஸ்ஃபார்மரும் எரியும். நம்ம ஊர்ல பிளக்குல வர்றதே 230 வோல்ட், எலக்ட்ரிக்கல் லேப்ல இருக்கற, வேரியாக் மாதிரியான டிம்மர்ஸ்டாட்டை வச்சு யாராவது பையன் இதை முயற்சி பண்ணினா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. வால்வ் ஆம்ப் உள்ள 400 வோல்ட்டுக்கு மேல ஓடும், பிளக்கைப் புடுங்கின பிறகும் கெப்பாசிட்டர்ல அது தங்கி நிக்கும், தொட்டா உயிர் போகும். வோல்டேஜைக் குறைச்சா வர்ற தொய்வு வேணும்னா சில சாஃப்ட்வேர் ஆம்ப்லயே அதுக்கு நாப் இருக்கு, அதைத் திருப்பினா போதும்.

அந்த வரிக்கு ஒரு திருத்தத்தை வர்ற ஞாயிறே, அதே இணைப்புல, அதே பக்கத்துல, கண்ணுல படற மாதிரி பெட்டி கட்டிப் போடுங்க. இடம் இருந்தா டான் லேண்டி, டோனி பிளாட் பத்தியும் ஒரு கட்டுரை எழுதச் சொல்லுங்க.

இப்படிக்கு,
உங்க நீண்டநாள் வாசகர்,
திருச்சி.